தன்மோகம் எது, தன்னம்பிக்கை எது: மலையக மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அவன் பக்கா நார்சிஸ்ட்" என்ற பேச்சு இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. டிக்டொக்கில் ஒரு நிமிட வீடியோ ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. பார்த்த கையோடு விடுதியில் கூட இருக்கிறவனுக்கும், பிரிந்துபோன காதலிக்கும், கண்டிப்பான விரிவுரையாளருக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம். பேராதனையிலும் பதுளையிலும் பத்தனையிலும் படிக்கும் நம் பிள்ளைகளிடமும் இது புழங்குகிறது.

இதில் என் கவலை ஒன்று உண்டு. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் போகிறவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதிக்கும் முதல் ஆள். அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பேசினாலே "படிச்ச திமிர்" என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அந்தப் பழைய ஏச்சுக்கு இப்போது உளவியல் பெயரும் கிடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், கூட இருப்பவர்களை உண்மையாகவே நசுக்கும் ஒருவர், இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்தவர் என்பதாலேயே யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறார். இவர்கள் இருவரையும் பிரித்துப் பார்க்க உளவியல் ஆய்வுகள் நன்றாகவே உதவுகின்றன. அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

குணமும் கோளாறும்

நார்சிசத்தைத் தமிழில் தன்மோகம் என்று எழுதலாம். தன்னைப் பற்றி மிதமிஞ்சிய மதிப்பு வைத்திருப்பது, மற்றவர்கள் அதை ஓயாமல் மெச்சிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது, தனக்கு மட்டும் தனிச்சலுகை வேண்டும் என்று நினைப்பது, அடுத்தவர் மனம் என்ன பாடுபடும் என்பதில் அக்கறை இல்லாமல் போவது. இவையெல்லாம் சேர்ந்து வரும்போதுதான் உளவியலாளர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அடிக்கடி செல்ஃபி எடுப்பதோ, கிளம்பும் முன் பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நிற்பதோ மட்டும் போதாது.

பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. நீரில் தெரிந்த தன் உருவத்தின்மீதே காதல் கொண்டு, அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் உருகி அழிந்த நார்சிசஸ் என்ற இளைஞனின் கதை. 1898இல் ஹேவ்லொக் எல்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்தக் கதையை மனித நடத்தையோடு சேர்த்து எழுதினார். 1914இல் சிக்மண்ட் பிராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டுடைய மூன்றாம் பதிப்பில் 'தன்மோக ஆளுமைக் கோளாறு' முதன்முதலாக இடம்பிடித்தது.

அந்தக் கையேடு ஒன்பது அடையாளங்களைச் சொல்லி, அவற்றில் குறைந்தது ஐந்து இருக்கவேண்டும் என்கிறது. அதுவும் ஒரு சண்டையிலோ ஒரு தவணையிலோ தெரிந்தால் போதாது. வீடு, படிப்பு, வேலை, உறவு என்று பல இடங்களில், நீண்ட காலமாக ஊறிப்போயிருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் தகுதி உளமருத்துவருக்கும் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளருக்கும்தான் உண்டு. உலக சுகாதார நிறுவனமோ, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் புதிய நோய் வகைப்பாட்டில், இப்படித் தனித்தனிப் பெயர் சூட்டும் முறையையே பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ஒருவருடைய ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமையானது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வல்லுநர்களே பெயர் சூட்டுவதில் இவ்வளவு தயங்கும்போது நாம் ஏன் அவசரப்படவேண்டும்?

மாணவர்களிடம் ஆய்வாளர்கள் அளப்பது இந்தக் கோளாறை அல்ல, தன்மோகம் என்ற குணத்தை. அது உயரம் மாதிரி. எல்லோருக்கும் ஏதோ ஓர் உயரம் உண்டு. பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பார்கள், சிலர் மிக உயரம், சிலர் குட்டை. "உனக்கு உயரம் இருக்கிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. அதேபோல "நீ தன்மோகியா?" என்ற கேள்வியும் சரியாக அமையாது. எவ்வளவு, எந்த வகையில், அதனால் யாருக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இதை அளக்க அதிகம் பயன்பட்ட வினாக்கொத்து 1979இல் அமெரிக்காவில் ராபர்ட் ராஸ்கின், கல்வின் ஹோல் என்ற இருவர் உருவாக்கியது. 1988இல் அது 40 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும், உங்களுக்குப் பொருந்தும் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். எல்லோருடைய கவனமும் தன்மீது இருப்பது பிடிக்கும் என்பது ஒன்று, கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதே பிடிக்கும் என்பது மற்றது. இப்படி நாற்பது. அமெரிக்க மாணவர்களின் சராசரி 15 முதல் 17 வரைதான் வந்திருக்கிறது. ஆக, நடுத்தரமான ஒரு மாணவர்கூடப் பதினைந்து இடங்களில் தன் பக்கம் சாய்ந்திருக்கிறார். கொஞ்சம் தன்மோகம் மனித இயல்பு.

ஐந்து பெரிய குணங்களோடு தொடர்பு

ஆளுமையை விவரிக்க உளவியலில் இன்று அதிகம் பயன்படுவது ஐந்து பெரும் குணங்கள் என்ற சட்டகம். புதியதை நாடும் திறந்த மனம், பொறுப்புணர்வு, ஆட்களோடு கலகலப்பாகப் பழகும் வெளிமுகத்தன்மை, விட்டுக்கொடுத்து ஒத்துப்போகும் இணக்கம், பயமும் கவலையும் எளிதில் தொற்றிக்கொள்ளும் உணர்ச்சித் தளம்பல். ஒவ்வொருவரும் இந்த ஐந்திலும் ஏதோ ஓர் அளவில் இருப்போம்.

இந்த ஐந்தில் எவற்றோடு தன்மோகம் சேர்ந்து போகிறது என்று பல நாடுகளில் மாணவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் டெல்ரோய் போல்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. தன்மோகத்தோடு, அடுத்தவரைக் காய்நகர்த்திப் பயன்படுத்தும் குணத்தையும், குற்றவுணர்வும் இரக்கமும் அற்ற குணத்தையும் பக்கத்தில் வைத்து 'இருண்ட மூன்று' என்று பெயரிட்டது அந்த ஆய்வுதான். பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்கள் கண்டது இது: தன்மோகப் புள்ளி கூடியவர்களிடம் வெளிமுகத்தன்மையும் திறந்த மனமும் கூடியிருந்தன, இணக்கம் குறைந்திருந்தது. பொறுப்புணர்வோடு சொல்லும்படியான தொடர்பு இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளிலும் வெளிமுகம் கூடுவதும் இணக்கம் குறைவதும் திரும்பத் திரும்ப வந்தன.

இந்தத் தொடர்பின் அளவைத் தொடக்க வாசகர்கள் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு, அதனால் இதில் கொஞ்சம் நின்று போவோம். தொடர்பு முழுமையாக இருந்தால் 1, துளியும் இல்லாவிட்டால் 0 என்று கணக்கு. தன்மோகத்துக்கும் வெளிமுகத்தன்மைக்கும் இடையே பொதுவாக வருவது 0.4 வட்டாரத்தில். அதை அதனாலேயே பெருக்கினால் 0.16. அப்படியென்றால் மாணவர்களுக்கு இடையே தன்மோகத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 16 சதவீதம்தான் வெளிமுகத்தன்மையோடு பங்குபோடப்படுகிறது. மிச்சம் 84 சதவீதம் வேறெங்கோ இருக்கிறது. கலகலப்பாகப் பேசும் ஒரு பெண், மேடையில் கூச்சமில்லாமல் ஏறும் ஒரு பையன், இவர்களைப் பார்த்துத் தன்மோகம் என்று ஊகித்தால் பெரும்பாலும் தவறாகத்தான் போகும்.

சரி, எதைப் பார்ப்பது? இணக்கத்தை. அண்மைக் காலத்தில் பல ஆய்வாளர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான். தன்மோகத்தின் வகைகள் எத்தனையாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது மற்றவர்களோடு முரண்பட்டு நிற்கும் போக்கு: என் நலன் முதலில், நீ எனக்குக் கீழே, எனக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காவிட்டால் உன்னை விடமாட்டேன் என்ற போக்கு. வெளியே தெரியும் சத்தத்தையும் பகட்டையும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நல்ல சான்று மாணவர் குழுக்களிடமிருந்தே வந்திருக்கிறது. போல்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரையொருவர் அறியாத மாணவர்கள் சிறு குழுக்களாக ஏழு தடவை கூடிக் கலந்துரையாடினார்கள். தன்னை உயர்த்திக் காட்டும் போக்குக் கூடியவர்களை முதல் சந்திப்பில் மற்றவர்களுக்கு நன்றாகவே பிடித்திருந்தது. திறமைசாலி, இனிமையானவர் என்று மதிப்பிட்டார்கள். ஏழாவது சந்திப்பு வந்தபோது அபிப்பிராயம் தலைகீழானது. ஜேர்மனியில் 2010இல் வந்த ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் முதன்முதலாகச் சந்தித்தபோது, தன்மோகம் கூடியவர்களே அதிகம் கவர்ந்தார்கள். கவனமான உடுப்பு, தன்னம்பிக்கையான நடை, கவர்ச்சியான முகபாவம், நகைச்சுவைப் பேச்சு என்று அவர்களிடம் முதலில் கண்ணில் பட்டதெல்லாம் நல்லதாகவே இருந்தது.

கெம்பஸுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு இது பயனுள்ள செய்தி. முதல் வாரத்தில் யார் உங்களை அதிகம் கவர்கிறார் என்பதை வைத்து நட்பையோ காதலையோ தீர்மானிக்கவேண்டாம். குழு வேலை ஒன்று முடியட்டும். பிரசன்டேஷன் நன்றாகப் போனால் பெயரை யார் எடுத்துக்கொள்கிறார், சொதப்பினால் பழியை யார் மீது போடுகிறார், உங்களுக்கு அவரைவிட ஐந்து புள்ளி கூட வந்தால் முகம் எப்படிப் போகிறது, கன்ரீனில் தேநீர் கொண்டுவரும் பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். இணக்கம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த இடங்களில்தான் தெரியும்.

சத்தமில்லாத வகை

இதுவரை பார்த்தது பெருமை பேசும் வகை. இன்னொன்று உண்டு. 1991இல் போல் விங்க் என்ற உளவியலாளர் தன்மோகத்துக்கு இரண்டு முகங்கள் என்று காட்டினார். இரண்டாவது முகம் ஒதுங்கி நிற்கும், எளிதில் புண்படும், தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று மனதுக்குள் புழுங்கும். இவர்களும் தங்களுக்குத் தனி இடம் உரியது என்றே நம்புகிறார்கள். அதை வாய்விட்டுக் கேட்கும் துணிவு இல்லை, கிடைக்காதபோது வரும் கசப்பு மட்டும் நிறைய. ஐந்து குணங்களில் இவர்களிடம் மிக வலுவாகத் தெரிவது உணர்ச்சித் தளம்பல். வெளிமுகத்தன்மை குறைவு. இணக்கம் இங்கேயும் குறைவுதான், இரு முகங்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதும் அதுதான்.

இந்த வகையைப் பற்றி நம் மாணவர்கள் விஷயத்தில் மிகவும் கவனமாகப் பேசவேண்டும். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கும் மண்டபத்தில் கடைசி வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுன் பெயரைச் சொல்லும் பிள்ளையையும் பார்த்திருக்கிறோம். அது கூச்சம். சில நேரம், பலமுறை அவமானப்பட்டவர்களின் தற்காப்பு. அதற்கும் ஒளிந்திருக்கும் தன்மோகத்துக்கும் பெரிய தூரம் இருக்கிறது. கூச்சப்படுகிறவர் 'எனக்கு இங்கே இடம் இருக்குமா' என்று பயப்படுகிறார். மற்றவர் 'இவர்களைவிட மேலான இடம் எனக்கு ஏன் இன்னும் தரவில்லை' என்று குமுறுகிறார். வெளியே இருவரும் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரிவார்கள். கூச்சப்படுகிறவருக்குத் தேவை ஒரு நல்ல நண்பரும், ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் உதவியும். பட்டம் சூட்டினால் அவர் இன்னும் உள்ளே சுருங்கிப்போவார்.

சேவையின் பெயரில்

மேற்கத்தைய ஆய்வுகளை நம் சூழலுக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். தனிமனித வெற்றியைக் கொண்டாடும் சமூகங்களில், குறிப்பாக அமெரிக்காவில், தன்மோகப் புள்ளிகள் கூடுதலாக வருவதாக 2003இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. அப்படியானால் உறவும் ஊரும் முக்கியமான நம்மிடையே இது குறைவு என்று மகிழ்ந்துவிடலாமா? அவசரப்படவேண்டாம். 'நான்தான் எல்லோரிலும் கெட்டிக்காரன்' என்று சொன்னால் நம் ஊரில் உடனே பிடிபட்டுவிடுவோம். 'என்னை மாதிரி மக்களுக்காக உழைத்தவன் யாரும் இல்லை' என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும்.

2012இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொடர் இதற்குச் சமூகவழித் தன்மோகம் என்று பெயர் வைத்தது. பெருமை, அதிகாரம், தனிச்சலுகை என்ற அதே ஆசைகள்தான். அவற்றை அடையும் வழி மட்டும் வேறு: நான் எல்லோரிலும் அதிகம் உதவுகிறவன், நான் அளவுக்கு அக்கறையோடு கேட்பவர் கிடையாது, இந்த மக்களுக்கு விடிவு கொண்டுவரப் போவது நான்தான் என்ற நம்பிக்கை. இதை அளக்கத் தனியாக 16 கேள்விகள் கொண்ட அளவுகோலும் செய்திருக்கிறார்கள்.

மலையகத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பது என் கருத்து. மண்சரிவு என்றால், மழை வெள்ளம் என்றால், நம் பல்கலைக்கழக மாணவர்கள்தான் முதலில் உலர் உணவும் கொப்பியும் சேர்த்துக்கொண்டு லயங்களுக்கு ஓடுகிறார்கள். இதில் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் தங்கள் சொந்த ஊருக்காக வெந்துபோய் ஓடுகிறவர்கள். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதிலும் தவறில்லை, பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும்தானே. ஆனால் அரிசிப் பையை வாங்கும் அம்மா முகத்தைத் திருப்பும்போதும் கெமராவைப் பார்க்கச் சொல்கிறவர், வேறொரு குழு உதவிக்கு வந்தால் கோபப்படுகிறவர், பெயர்ப் பலகையில் தன் பெயர் இல்லையென்றால் அடுத்த தடவை வராதவர், இவர்களிடத்தில் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. உதவி தேவைப்பட்டவரின் மனம் அங்கே யார் கவனத்திலும் இல்லை. சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்யும்போது, யார் அதிகம் பேசினார் என்பதைவிட, பெயர் வராத வேலையை யார் செய்தார் என்று பார்க்கும் பழக்கம் நம் மாணவர் அமைப்புகளில் வளரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பகிடிவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனியர்கள் செய்வதையெல்லாம் தன்மோகம் என்று விளக்கிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியும் தொடர்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு கூட்டு வழக்கமும் பயமும் பழிதீர்ப்பும் இருக்கின்றன. சாதாரணமான, இணக்கமான பிள்ளைகள்கூட அந்தக் கூட்டத்துக்குள் போனதும் கொடுமை செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஓர் ஆளின் குணத்தில் கட்டிவிட்டால் அந்த வழக்கம் அப்படியே தப்பிவிடும்.

தன்னம்பிக்கையை இதோடு குழப்பவேண்டாம்

நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கிய காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தன்மதிப்பு என்பது 'நான் மதிப்புள்ள மனிதன்' என்ற நிறைவு. தன்மோகம் 'நான் உங்களைவிட மேல்' என்ற நம்பிக்கை. முதலாவதற்கு எதிரில் யாரும் கீழே இருக்கத் தேவையில்லை. இரண்டாவதற்கு யாராவது கீழே இருந்தே ஆகவேண்டும். 1998இல் பிராட் புஷ்மன், ரோய் பௌமைஸ்டர் இருவரும் மாணவர்களிடம் செய்த சோதனை இந்த வித்தியாசத்தைக் கண்முன் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டுரை எழுதவேண்டும். இன்னொருவர் அதைத் திருத்தியதாகச் சொல்லி, சிலருக்குப் பாராட்டும் சிலருக்குக் கடுமையான இழிவுரையும் கொடுத்தார்கள். பிறகு ஒரு போட்டியில், திருத்திய ஆளுக்குப் பெரிய இரைச்சலை அனுப்பும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். மிக உரத்த, நீண்ட இரைச்சலை அனுப்பியவர்கள், தன்மோகம் கூடி, அவமதிக்கவும்பட்டவர்கள். வெறும் தன்மதிப்பு கூடியவர்களிடம் அந்த வெறி இல்லை.

இதை நம் வரலாற்றோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். துரை வந்தால் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்ற தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். 1948இல் குடியுரிமை பறிபோய், அதைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் போராடிய சமூகம். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் ஒரு பெண், "இந்தப் புள்ளி எனக்குத் தவறாகப் போடப்பட்டிருக்கிறது, மறுபடி பாருங்கள் சேர்" என்று விரிவுரையாளரிடம் நேருக்கு நேர் சொன்னால், அவருக்குள் தன்மதிப்பு வளர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைத் தன்மோகம் என்று சொல்கிறவர்கள் அடங்கி நிற்பதையே நல்ல குணம் என்று இன்னும் நம்புகிறார்கள்.

தனிச்சலுகை என்ற விஷயத்திலும் இதே குழப்பம். தன்மோகம் உள்ளவர் தனக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பார்: எல்லோரும் வரிசையில் நிற்கட்டும், என்னை உள்ளே விடுங்கள். சம்பளம், காணி, முகவரி, தமிழில் படிவம் என்று மலையக இளைஞர்கள் கேட்பது எல்லோருக்கும் ஏற்கனவே இருக்கவேண்டிய உரிமை. நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களுக்கு உரிய வெட்டுப்புள்ளியில் தெரிவாகிப் போகும் மாணவரைப் பார்த்து "சலுகையில் வந்தவன், அதற்கு மேல் என்ன வாய்" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு முன்னால் அந்த மாணவர் தலைகுனியத் தேவையே இல்லை.

அதே நேரத்தில் நம் வீடுகளைப் பற்றியும் உண்மையைப் பேசவேண்டும். நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுக் கால அளவில் இருந்த பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. "என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உசத்தி, அவனுக்குத் தனி இடம் கொடுக்கவேண்டும்" என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் பின்னாளில் தன்மோகம் கூடியது. பாசத்தைக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடியது. வீட்டுச் சூழல் ஒரு காரணம் மட்டுமே, பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் இது நமக்குத் தேவையான செய்தி. லயத்தில் ஒரு பிள்ளை கெம்பஸுக்குத் தெரிவானால் பேனர் கட்டுவதும் மாலை போடுவதும் அழகான வழக்கம், தொடரட்டும். அந்த மேடையிலேயே "இவனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். ஒருவனை உயர்த்த இன்னொருவனைத் தாழ்த்தும் பழக்கத்தை அங்கேதான் இருவரும் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள்

இன்றைய இளைஞர்கள் முன்பைவிடத் தன்மோகிகள் என்ற பேச்சும் ஆய்விலிருந்து பிறந்ததுதான். 1979 முதல் 2006 வரையான 85 மாணவர் மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்து, புள்ளி ஏறிக்கொண்டே வருகிறது என்று ஜீன் ட்வெங்கியும் குழுவினரும் 2008இல் எழுதினார்கள். அதே காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அப்படி ஏற்றம் இல்லை என்று மறுத்தார்கள். 2017இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் 1990களிலிருந்து அது சற்று இறங்கியிருந்தது. எல்லாம் அமெரிக்க மாணவர் கதை. அதை வைத்து ஹட்டன் பிள்ளைகளைத் திட்டுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

வயது பற்றிய முடிவு இதைவிட உறுதியானது. பல நாடுகளில் ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வயது ஏற ஏறத் தன்மோகம் சராசரியாகக் குறைந்துகொண்டே போவது தெரிந்தது. இருபது வயதில் தன்னைப் பெரிதாக நினைப்பது பலருக்கு வளரும் பருவத்தின் ஒரு கட்டம். ஆனாலும் தன் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் முன்னால் நின்றவர் பிறகும் பெரும்பாலும் முன்னால்தான் நிற்கிறார் என்பதால், "வயசானா சரியாகிடும்" என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

கூட இருந்து பழகும்போது

இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே பெட்ச்சில் நான்கு வருடம் இருக்கவேண்டியிருந்தால், பெயர் சூட்டுவதால் எதுவும் நடக்காது. அவமதிப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் மூர்க்கமாவார் என்பதைத்தான் அந்த இரைச்சல் சோதனை சொல்கிறது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "ரிப்போர்ட்டில் மூன்றாவது பகுதியை நான் எழுதினேன், என் பெயரைப் போடவேண்டும்." குழு வேலையின் தொடக்கத்திலேயே யாருக்கு எந்தப் பகுதி என்று வட்ஸ்அப் குரூப்பில் எழுத்தில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் பாதிச் சண்டை வராது.

மாற்றம் வராதா என்றால், ஒரு நம்பிக்கையான முடிவு இருக்கிறது. 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணொருவர் பேசும் வீடியோவை மாணவர்களுக்குக் காட்டினார்கள். தன்மோகம் கூடியவர்கள் சும்மா பார்த்தபோது அவர்களிடம் இரக்கம் குறைவாகவே இருந்தது. "அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து, அவர் என்ன உணர்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொன்னபோது அவர்களிடமும் இரக்கம் கூடியது. அவர்களால் முடியும், தாமாகச் செய்வதில்லை, அவ்வளவுதான். ஒரு விரிவுரையாளரோ நல்ல சீனியரோ "அவளுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?" என்று நேரம் பார்த்துக் கேட்பது வீண்போகாது.

ஆனால் காதலிலோ நட்பிலோ ஒருவர் உங்களைத் தொடர்ந்து மட்டம் தட்டி, நண்பர்களிடமிருந்து பிரித்து, போனைச் சோதித்து, எல்லாத் தப்பையும் உங்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தால், அவருக்குத் தன்மோகம் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். அவருடைய குணம் எதுவானாலும் உங்களுக்கு நடப்பது தீங்கு. விலகுவதற்கு நோயின் பெயர் தேவையில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது மற்றவர்களைவிடத் தன்னைப் பற்றியே யோசனை வந்தவர்களும் அதே இடங்களில் தயங்காமல் பேசலாம்.